குஞ்சுகள் போன இடம்

எங்கள் துறையில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதற்குக் கட்டுரை கேட்டு இளம் அதிகாரி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பி குடித்து முடித்ததும், "சார், திலேப்பியா மீன் வாய்க்குள்ள குஞ்சை வெச்சுக் காப்பாத்தறத நம்ம பக்கத்துல முதல்ல பார்த்தது நீங்கதானாமே. அதையே எழுதிக் கொடுங்களேன்" என்றார். சரி என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை.

முதலில் பார்த்தது நான் அல்ல. பார்த்தவளை நான் என்ன செய்தேன் என்று எழுதினால் மலரில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டாலும் இந்தத் தாள்களை அவரிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

அந்த மீனை ஊர் ஊராகப் பரப்பியதற்கே எங்கள் தலைமுறை வெட்கப்பட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். ஜிலேபி என்று பெயர் வாங்கி, குளங்களில் இருந்த நாட்டு மீன்களை எல்லாம் அது ஓரம் கட்டிவிட்டது உண்மைதான். அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அது துறை முழுவதும் பகிர்ந்துகொள்கிற வெட்கம். நான் எழுத வந்தது எனக்கு மட்டும் உரியது.

பாலக்காட்டில், சாப்பாட்டு நேரத்தில் மீன் என்ற சொல்லையே சொல்லக்கூடாத வீட்டில் பிறந்தவன் நான். விலங்கியல் படித்துவிட்டு ஒன்றரை வருடம் சும்மா இருந்தேன். மீன் துறையில் ஃபீல்டு அசிஸ்டென்ட் வேலைக்கு உத்தரவு வந்தபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "போய்ட்டு வா. ஆத்துக்குள்ள வரச்சே மாத்திரம் கொல்லைக் கிணத்துல குளிச்சுட்டு வா" என்றாள். பயிற்சி ஆறு மாதம். கட்லா, ரோகு என்று கெண்டை வகைகளைப் பற்றியே எல்லாப் பாடமும். கெண்டை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். தாய்க்கும் குஞ்சுக்கும் அதோடு சரி. மீன் என்றால் இவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில், கேரளம் என்று ஒரு மாநிலம் உண்டாவதற்குக் கொஞ்சம் முன்னால், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே இருந்த ஒரு சின்ன மீன்குஞ்சுப் பண்ணையில் என்னைப் போட்டார்கள். கால்வாயை ஒட்டி ஆறு மண் குளங்கள், ஓட்டுக் கூரை போட்ட ஒரு ஷெட், அதை ஒட்டி நான் தங்க ஓர் அறை, சுற்றிலும் முள்வேலி. வேலைக்கு நானும் தினக்கூலியில் ஒரு பெண்ணும் மட்டும். அவள் பெயர் வேறு. இங்கே வேலாத்தா என்று எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை போகும் வழியில் ஓர் ஊர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். காலையில் முதல் பஸ்ஸில் வருவாள். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து உருட்டுவாள். குளக்கரையில் உட்கார்ந்து ஒவ்வோர் உருண்டையாகப் போடுவாள். வலை இழுப்பது, பாசி எடுப்பது, செத்த மீனை அகற்றுவது எல்லாம் அவள்தான்.

நான் குளத்தில் இறங்கியதே இல்லை. மீனைக் கையால் தொட்டதும் இல்லை. கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடப்பேன். நின்று பார்ப்பேன். ரெஜிஸ்டரில் எழுதுவேன். அதுதான் உத்தியோகம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணிக்கர் சார் ஜீப்பில் வருவார். எங்கள் அசிஸ்டென்ட் டைரக்டர். கடல் மீன்களில் வேலை செய்து வந்தவர். குளத்து மீன் அவருக்கும் புதிது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து வரிவரியாக விரலை வைத்துக்கொண்டே போவார். சந்தேகம் வந்த இடத்தில் விரல் நிற்கும். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக மூன்றே கேள்வி. "கண்டோ? எண்ணியோ? எழுதியோ?" மூன்றுக்கும் ஆமாம் என்றால் விரல் நகரும். இல்லையென்றால் ரெஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். அந்தப் பெட்டி திறக்கும் சத்தத்துக்கு நான் பயந்த அளவு வேறெதற்கும் பயந்ததில்லை.

அந்த வருடம் தகர டின்களில் புது மீன் வந்து சேர்ந்தது. நாற்பது சொச்சம். கூடவே டைப் அடித்த ஒரு தாள். என்ன தீனி, எவ்வளவு ஆழம் என்று இருந்தது. எளிதில் பெருகும், குஞ்சுகள் ஓர் அங்குலம் வளரும்வரை வலை போட வேண்டாம், கண்ணால் பார்த்துக் கணக்கெடுத்தால் போதும் என்றும் இருந்தது. எப்படிப் பெருகும் என்பது மட்டும் இல்லை. மூன்றாம் குளத்தில் விட்டோம். சில வாரங்களில் ஆண் மீன்கள் அடிச்சேற்றில் தாம்பாளம் போல வட்ட வட்டமாகக் குழி பறித்தன. 'முட்டைகள் குழிகளில் உள்ளன' என்று எழுதி வைத்தேன். அந்தக் குழிகளில் ஒரு முட்டை கூட இருக்கவில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் விடியற்காலையில் குளத்தோரம் தூசி மிதப்பது போலக் குஞ்சுகள் தெரிந்தன. ஒவ்வொரு திரளிலும் நூறு, இருநூறு. ஏழு திரள் எண்ணினேன். மத்தியானம் மூன்று மணிக்குக் குடையோடு போய் மறுபடி எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலை ஆறு. மத்தியானம் ஒன்றுமே இல்லை. காலையில் கூடுவது புதிதாகப் பொரித்தவை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அப்படியானால் மத்தியானத்துக்குள் குறைவது? வேலிக்குள் நானும் அவளும் மட்டும்தான்.

அவளிடம் கேட்டேன். "வேலாத்தா, குஞ்செல்லாம் எங்கே போறது?"

பிண்ணாக்கு ஒட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "எங்கீங்க போகும் சாமி? ஆத்தாக்காரி வாய்க்குள்ளதானுங்க இருக்குது."

"என்னது?"

"நெசமாலுமேங்க. நெழலு உழுந்தாப் போதும், எல்லாம் மளமளன்னு அவ வாய்க்குள்ள பூந்துக்குதுங்க. அப்பறம் ஆருமில்லீன்னு தெரிஞ்சா வெளிய உட்டுப் போடறா. நீங்க அந்தக் கொடைய மடக்கி வெச்சுப்போட்டு, இப்படி அசையாமக் குத்தவெச்சுப் பாருங்க சாமி. கண்ணுக்கு நேரா நடக்குமுங்க."

நான் சிரித்தேன். "வாய்க்குள்ள போனா முழுங்கிடாதோ? எந்த மீனாவது குஞ்சை வாயில வெச்சுண்டு திரியுமோ? நான் நாலு வருஷம் இதைத்தான் படிச்சேன்."

"அவ தீனியே திங்கறதில்லீங்க. தாடையப் பாருங்க, பை மாதிரி தொங்குது" என்றாள்.

குத்தவைத்து உட்காரச் சேறு இல்லாத இடமாகத் தேடினேன். இல்லை. வேட்டி வெள்ளை. வந்துவிட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லாமல் போயிருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் தான் சோறு கொண்டுவரும் தூக்குப்போசியை மூன்றாம் குளத்தோரத்தில் கழுவிக்கொண்டிருந்ததைக் கரையில் இருந்து பார்த்தேன். போசியில் தண்ணீர் இருந்தது. அதில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. சோற்றுப் பருக்கை. பருக்கை என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் மனதில் வேறு ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. புது மீனைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துக் குளக்காரர்கள் இரண்டு பேர் வேலியருகே வந்து, குஞ்சு விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்திருந்தார்கள். என் புரொபேஷன் முடிய இரண்டு மாதம் இருந்தது.

அந்த வாரம் பணிக்கர் சார் வந்தார். விரல் மூன்றாம் குளத்துப் பக்கத்தில் நின்றது. ஏழு, ஒன்று. ஆறு, பூஜ்யம். ஐந்து, ஒன்று.

"குஞ்சுகள் எவிடெப் போயி?"

"சந்தேகம் இருக்கு சார்" என்றேன். யார் மேல் என்று சொல்லவில்லை. ஷெட்டின் ஜன்னல் வழியாக வேலாத்தாவைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவருகே நின்றாள். அவர் கேட்டதும் என்னிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள். பயப்படாமல், கொஞ்சம் உற்சாகத்தோடு கூட. ஒரு பெரிய அதிகாரிக்குத் தான் பார்த்த அதிசயத்தைச் சொல்கிற உற்சாகம் அது. பணிக்கர் சார் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவள் பறயுன்னது நீ கண்டோ?"

"இல்லை சார்."

"இவள் குஞ்சு எடுத்தது கண்டோ?"

இங்கேயும் இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். வெற்றிலைப் பெட்டி மேஜைமேல் இருந்தது. அவர் கை அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கண்டேன் சார். தூக்குப்போசியில இருந்தது."

"எண்ணியோ?"

"முப்பது, நாற்பது இருக்கும் சார்."

"எழுதியோ?"

"இப்போ எழுதறேன் சார்."

எழுதினேன். அவர் எதிரிலேயே, அந்த ரெஜிஸ்டரில், என் அழகான கையெழுத்தில்.

வேலாத்தா என்னைப் பார்த்தாள். "சாமி, நீங்களா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். கோபம் இல்லை. சொன்னது நான்தானா என்ற சந்தேகம் மட்டும். நான் மை ஒற்றிக்கொண்டிருந்தேன்.

நாளை முதல் வர வேண்டாம் என்றார் பணிக்கர் சார், வழக்கமான தாழ்ந்த குரலில். அவள் போசியை எடுத்துக்கொண்டாள். தீனிக் கூடையை அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தாள். வாசலைத் தாண்டியவள் திரும்பி, "மூணாங் கொளத்துக்கு இன்னும் தீனி போடலீங்க" என்றாள். பிறகு பஸ் ரோட்டுக்கு நடந்தாள்.

வேறு ஆள் உடனே கிடைக்கவில்லை. தீனியை நானே பிசைய வேண்டியதாயிற்று. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் குடையை ஷெட்டில் விட்டேன். பழைய சாக்கு ஒன்றை விரித்துக் குளத்தோரம் உட்கார்ந்தேன். நாற்றம் பொறுக்காமல் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அது நடந்தது. ஒரு முழ ஆழத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் மீன் அசையாமல் நின்றது. தாடைக்குக் கீழே பை போலத் தொங்கியது. உருண்டை பக்கத்தில் விழுந்தும் அது சீண்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தி வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கொத்து, பிறகு புகை போல. தாயின் முகத்தைச் சுற்றி நின்று எதையோ கொறித்தன. நான் கையை உயர்த்தினேன். நிழல் தண்ணீரில் விழுந்தது. ஒரு நொடிதான். எல்லாம் அந்த வாயை நோக்கிப் பாய்ந்தன. முண்டியடித்துக்கொண்டு உள்ளே போயின. கடைசியாக நின்ற இரண்டை அவளே உறிஞ்சி எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டாள்.

கையை இறக்கிக் காத்திருந்தேன். வந்தன. உயர்த்தினேன். போயின. எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. மத்தியானக் கணக்கில் குஞ்சு குறைந்ததற்குக் காரணம் குடை பிடித்துக்கொண்டு நடந்த நான்தான்.

அன்றே தபாலாபீசுக்குப் போயிருக்க வேண்டும். போனேன் என்பதும் உண்மை. ஆனால் நான் அனுப்பிய காகிதத்தில் இருந்தது வேறு. 'தொடர்ந்து கவனித்ததில் அடியேன் கண்டறிந்தது' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். தாடைப் பை, நிழல், தீனி தின்னாதது என்று வேலாத்தா சொன்ன எல்லாமும் அதில் இருந்தது. வேலாத்தா மட்டும் இல்லை.

தபால் போட்ட நான்காம் நாள் பணிக்கர் சார் வந்துவிட்டார். முக்காலியைக் குளத்தோரம் போடச் சொல்லி, இரண்டு மணி நேரம் குழந்தை மாதிரி உட்கார்ந்து பார்த்தார். எழுந்து என் தோளில் தட்டினார். ஜீப்பை நோக்கி நடக்கும்போது சட்டென்று நின்றார்.

"அப்போள் அந்த ஸ்த்ரீ பறஞ்சது சரியாணல்லோ?"

"அது சரிதான் சார்" என்றேன். என் வாய் அதோடு நிற்கவில்லை. "ஆனா போசியில குஞ்சு இருந்தது. அது நான் கண்டது சார்."

அவர் எண்ணியோ என்று கேட்கவில்லை. எழுதியோ என்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவர் ஒன்றும் கேட்காமல் போனது அந்த ஒரு தடவைதான். முதல் பொய் பயத்தில் வந்தது என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் போவது கொஞ்சம் மரியாதை மட்டும்.

புரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாயிற்று. துறையின் அறிக்கையில் என் பெயர் ஒரு வரி வந்தது. இரண்டு மாதம் கழித்துக் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் கண்டக்டரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "அந்தம்மாவுங்களா? ஊர்ல மீன் திருடின்னே பேரு வெச்சுப்போட்டாங்க. கெணத்துல தண்ணி எடுக்கப் போனாக்கூட சாடை பேசறதுங்க. ஊட்டைப் பூட்டிப்போட்டுப் புருசனும் பொண்டாட்டியும் புள்ளையக் கூட்டிக்கிட்டு ஏலக்காட்டுக்குப் போயிட்டாங்க" என்றார். எந்த எஸ்டேட் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஊர் ஊராகப் போய் அந்த மீனைக் காட்டுவதே என் வேலையாயிற்று. மீனைத் தொடாதவன், ஈரத்துணியில் தாய் மீனை எடுத்து, கட்டைவிரலால் கீழ்த்தாடையை அழுத்தி, அது வாய்க்குள் அடைகாக்கும் மஞ்சள் முட்டைகளை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டிக் காட்டக் கற்றுக்கொண்டேன். கூட்டம் 'ஓ' என்று வாய் பிளக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கேரளம் மாநிலம் ஆன பிறகு என்னை மலைப்பக்கம் அனுப்பினார்கள். எஸ்டேட் குளங்களில் இந்த மீனை விட்டால் தொழிலாளிகளுக்குச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று திட்டம். உடும்பஞ்சோலைக்கு அப்பால் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், வேலை முடியும் நேரத்தில் ஆட்களைக் குளத்தருகே கூட்டியிருந்தார் கங்காணி. அறுபது எழுபது பேர். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "குடை பிடிச்சுண்டு நிக்கப்படாது. நிழல் விழுந்தா எல்லாம் வாய்க்குள்ளே போயிடும். அசையாம உட்கார்ந்து பார்க்கணும்."

மூன்றாவது வரிசையில், இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு, வேலாத்தா நின்றிருந்தாள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். முட்டைகளைத் தட்டில் கொட்டினேன். கூட்டம் வாய் பிளந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான கங்காணி ஆச்சரியத்தோடு, "இத எப்படிய்யா கண்டுபிடிச்சிய?" என்று கேட்டார்.

"எங்க பண்ணையில பார்த்தோம்" என்றேன். பார்த்தோம் என்ற சொல்லில் அவளையும் சேர்த்துக்கொண்டுவிட்டதாக அந்த நொடியில் எனக்கு ஒரு திருப்தி. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும், காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் போய்க்கொண்டிருந்தவளைப் பின்தொடர்ந்தேன். இந்தமுறை சொல்லிவிடுவது என்று உண்மையிலேயே நினைத்திருந்தேன். எங்களோடு யாரும் இல்லை.

"வேலாத்தா."

நின்றாள். "நல்லா இருக்கீங்களா சாமி?"

"நீ அன்னிக்குச் சொன்னது..."

அதற்குள் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இங்க ஆருக்கும் அது தெரியாதுங்க. எம்பட பொண்ணுக்கு மேல்எஸ்டேட்ல பேசி வெச்சிருக்குதுங்க. திருட்டுப் பட்டம்னு காதுல உழுந்தா அவுங்க வேண்டாம்னு போட்டுருவாங்க. நீங்க அந்தப் பேச்ச மட்டும் எடுத்துராதீங்க சாமி."

"இல்லை, நான்..."

"உங்க கால்ல வேணா உழுகறேனுங்க." குனியவே ஆரம்பித்துவிட்டாள்.

"வேண்டாம், வேண்டாம். நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "நீங்க நல்லா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு வேகமாக ஸ்டோரை நோக்கி நடந்தாள். வாசலை அடைய இருபது முப்பது அடி இருந்தது. நான் சொல்ல வந்தது அதுவல்ல, நீ திருடவில்லை, பொய் சொன்னவன் நான் என்று சொல்ல அந்தத் தூரம் தாராளமாகப் போதும். கங்காணியைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே சொல்லியிருக்கலாம். எனக்குக் கை கூப்பியவளுக்கு, ஒரு சலுகை கொடுத்தவன் போலத் தலையை அசைத்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில் எனக்கு வந்தது வெட்கம் என்று எழுதத்தான் ஆசை. வெட்கமெல்லாம் பல வருடம் கழித்து வந்தது. அன்று வந்தது நிம்மதி. இனி நான் சொல்ல வேண்டியதில்லை, அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்ற நிம்மதி. எஸ்டேட் பங்களாவில் கொடுத்த டீயை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். ஜீப் வளைவு வளைவாக இறங்கும் வழியெல்லாம், அந்த மீன் குஞ்சை எப்படி வாயில் வைத்துக் காக்கிறது என்று டிரைவருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.